மூட்டுக்காரியும் கல்லுக்காரனும்: ‘ஐட்டிஸ்’ என்னும் வால் வந்த வழி

தஞ்சாவூர்க்காரன், தஞ்சாவூர்க்காரி என்கிறோம். பால்காரன், பூக்காரி என்கிறோம். இந்தக் ‘காரன்’, ‘காரி’ இரண்டும் தம்மளவில் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. முன்னால் நிற்கும் ஊரோடோ பொருளோடோ அந்த ஆளுக்கு ஒட்டு உண்டு, அவ்வளவுதான். ஆர்த்ரைட்டிஸ், ஹெபடைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ் என்று மருந்துச் சீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஓயாமல் வரும் ‘ஐட்டிஸ்’ பிறந்தபோது அதற்கும் இதே வேலைதான். கிரேக்க மொழியில் ‘ஈட்டேஸ்’ ஆண்பால் விகுதி, ‘ஈட்டிஸ்’ பெண்பால் விகுதி. ‘ஆர்த்ரோன்’ என்றால் மூட்டு. ஆக ‘ஆர்த்ரீட்டிஸ்’ என்றால் மூட்டுக்காரி.

ஏன் காரி? கிரேக்கத்தில் உயிரில்லாதவற்றுக்கும் பால் உண்டு. நோயைக் குறிக்கும் ‘நோசோஸ்’ பெண்பால் சொல். ‘ஆர்த்ரீட்டிஸ் நோசோஸ்’ என்பது முழுத் தொடர், மூட்டைச் சேர்ந்த நோய் என்று பொருள். சொல்லிச் சொல்லித் தேய்ந்ததில் ‘நோசோஸ்’ உதிர்ந்தது. வால் மட்டும் நின்று நோயின் பொருளையும் தானே சுமக்கத் தொடங்கியது. இது நமக்குப் பழக்கமான தேய்வுதான். ‘சர்க்கரை வியாதி’ இன்று ‘அவருக்குச் சர்க்கரை இருக்கு’ என்று சுருங்கிவிட்டது. வியாதி என்ற சொல் எங்கும் இல்லை, ஆனால் கேட்பவருக்கு அது கேட்டுவிடுகிறது.

ஆண்பால் வடிவம் வேறு பக்கம் போயிற்று. கல்லுக்குக் கிரேக்கத்தில் ‘லிதோஸ்’, பெரும்பாலும் ஆண்பால். ‘ஹைமட்டீட்டேஸ் லிதோஸ்’ என்றால் இரத்த நிறக் கல். அதுதான் இரும்புத் தாதுவான ஹெமடைட். பின்னர் வந்த கனிமப் பெயர்களும் பாறைப் பெயர்களும் இந்த வாலையே பிடித்துக்கொண்டன. பல்லாவரத்துக் கருங்கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அப்படிப் பெயரிட்டார். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் சுருள் வடிவ அம்மோனைட் புதைபடிவத்தின் வாலும் இந்தக் குடும்பம்தான். பிரெஞ்சுக்காரர் இரண்டையும் ‘ஈத்’ என்று ஒரே மாதிரி முடிக்கிறார்கள். ஆனால் நோய் என்றால் எப்போதும் பெண்பால். உதிர்ந்துபோன நோசோஸின் நிழல் அங்கே இன்னும் விழுகிறது.

எழுத்துக் குறிப்பு ஒன்று. ‘ஹெபடைடிஸ்’ என்று ஒற்றை டகரத்தில் எழுதினால் தமிழ் வாய் அதை மெலிந்த ஒலியில் படிக்கும். மருத்துவர் சொல்லும் வல்லொலி வேண்டுமானால் ‘ஹெபடைட்டிஸ்’ என்று இரட்டிக்க வேண்டும். பத்திரிகைகளில் இரண்டும் புழங்குகின்றன. இந்தக் கட்டுரை இரட்டிப்பைப் பின்பற்றுகிறது.

நெருப்பு எப்போது ஏறியது?

இன்று ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி, அதாவது ஓர் உறுப்பு வீங்கிச் சிவந்து எரிவது. தொடக்கத்தில் அப்படியில்லை. பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ‘நெஃப்ரீட்டிஸ்’ என்றால் சிறுநீரகத் தொல்லை எதுவானாலும் அடக்கம், கல்லடைப்பு உட்பட. ‘ஃப்ரெனீட்டிஸ்’ என்பது காய்ச்சலில் பிதற்றுவது, நம்மூரில் சன்னி கண்டது என்போமே, அதற்குப் பக்கம். வீங்கிச் சிவந்து எரிவதற்கு அவர்களிடம் ‘ஃப்ளெக்மொனே’ என்று தனிச் சொல் இருந்தது. அது ‘எரி’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. செல்சஸ் என்ற ரோமானியர் முதல் நூற்றாண்டிலேயே சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்று அதன் நான்கு குறிகளையும் இலத்தீனில் எழுதிவைத்துவிட்டார். ஆனால் அந்த நான்குக்கும் நம் வாலுக்கும் அப்போது உறவில்லை.

18ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் சேர்ந்தன. தாவரங்களை வகைப்படுத்தியது போல நோய்களையும் இனம், வகை என்று பட்டியலிடும் மோகம் ஐரோப்பிய மருத்துவர்களைப் பிடித்த காலம் அது. பிரான்சின் சோவாழ் 1763இல் வெளியிட்ட நோய்ப் பட்டியல் அதில் பெரியது. அழற்சி நோய்களுக்கென ஒரு வகுப்பு, அதில் உறுப்புக்கு உறுப்பு ஒரு பெயர், எல்லாப் பெயருக்கும் ஒரே வால் என்ற ஒழுங்கு அப்போது உருவானது. அதன்பின் அச்சு வார்ப்பது போலப் பெயர்கள் வந்தன. 1808இல் இங்கிலாந்தின் சார்லஸ் பாடம் (Badham) என்ற மருத்துவர் பிராங்கைட்டிஸைக் கொடுத்தார். 1886இல் பாஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ் அப்பெண்டிசைட்டிஸைக் கொடுத்தார். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா இரண்டே நாள் இருக்கும்போது அதே நோயால் தள்ளிப்போக, உலகம் முழுவதும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது.

மொழித்தூய்மை பார்ப்பவர்களுக்கு அப்பெண்டிசைட்டிஸ் ஒரு முள். ‘அப்பெண்டிக்ஸ்’ இலத்தீன், வால் கிரேக்கம். டான்சிலைட்டிஸும் கன்ஜங்டிவைட்டிஸும் அதே கலப்பு. ‘ரயிலடி’ என்று சொல்லிப் பழகிய நாம் இதற்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

கடற்கரையில் மூன்று நெருப்புகள்

காவிரிப் படுகையின் கடலோரம் இந்தச் சொல் ஆராய்ச்சிக்குத் தோதான இடம். நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் இருந்தனர். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர். காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சுக்காரர். டச்சு மொழியில் அழற்சிக்கு ‘ஒன்ட்ஸ்டேகிங்’, பற்றவைத்தல் என்று பொருள். டேனிஷில் ‘பெதெனல்ஸ’, அதுவும் கொளுத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பிரெஞ்சு மட்டும் கிரேக்க வாலையே வைத்துக்கொண்டு ‘எபட்டீத்’, ‘ப்ரோன்ஷீத்’ என்கிறது.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் அங்கே மருத்துவமனையில் ‘இல்திஹாப்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். ‘லஹப்’ அரபியில் சுவாலை; ‘இல்திஹாப்’ சுவாலைவிட்டு எரிதல், அதாவது அழற்சி. சீன மொழியில் ‘யன்’, ஜப்பானில் ‘என்’. இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், தீயைக் குறிக்கும் குறி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை. கல்லீரல் என்ற எழுத்துக்குப் பின்னால் அதைச் சேர்த்தால் ஹெபடைட்டிஸ். ஜப்பானியர் நிமோனியாவையும் விட்டுவைக்கவில்லை: அதுவும் ‘நுரையீரல் தீ’தான். ஆங்கிலத்தில் நிமோனியா ஐட்டிஸ் வரிசைக்கு வெளியே நிற்கிறது.

தமிழ் இந்த நெருப்பு அணியைச் சேர்ந்தது. அழல் என்றால் தீ, அதிலிருந்து அழற்சி. இரைப்பை அழற்சி, கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி என்று உறுப்பை முன்னால் வைத்து எத்தனை வேண்டுமானாலும் ஆக்கலாம். இந்தி போன்ற மொழிகளில் கலைச்சொல் ஆக்கியவர்கள் வீக்கத்தைக் குறிக்கும் ‘சோத்’ என்ற வடசொல்லை எடுத்தார்கள். தமிழர் சூட்டைப் பிடித்தார்கள், அவர்கள் வீக்கத்தைப் பிடித்தார்கள். செல்சஸின் நான்கு குறிகளில் ஆளுக்கொன்று.

விளையாட்டாகவும் இந்த வால் ஆடும். ஓயாமல் தொலைபேசியில் பேசுபவருக்கு ‘டெலிஃபோனைட்டிஸ்’ என்று ஆங்கிலத்தில் கேலி உண்டு. அந்த இடத்தில் தமிழ் அழற்சியைத் தொடுவதில்லை, காய்ச்சலைத்தான் கூப்பிடும். தேர்தல் ஜுரம், கிரிக்கெட் காய்ச்சல்.

வாதம் இரண்டு

பேச்சுத் தமிழில் நோய்ப் பெயர்களுக்கு வேறு வால்கள் இருக்கின்றன. அவற்றை ஐட்டிஸுக்கு நேர் என்று எடுத்துக்கொண்டால் தடுக்கி விழ நேரும். ‘வாதம்’ முதல் இடறு. கீல்வாதம், முடக்குவாதம், பக்கவாதம் என்பவற்றில் உள்ளது காற்றைக் குறிக்கும் ‘வாத’. சித்த மருத்துவத்தின் வாத பித்த கபத்தில் வரும் அதே வாதம். தேசியவாதம், பிடிவாதம் என்பவற்றில் உள்ளது பேச்சைக் குறிக்கும் வேறொரு சொல். வடமொழியில் வல்லொலி மெல்லொலி வேறுபாட்டால் பிரிந்து நிற்கும் இரண்டும் தமிழ் எழுத்தில் ஒரே தகரத்துக்குள் அடங்கிவிட்டன. மூட்டு வலிக்கும் கீல்வாதத்தில் அழற்சி உண்டு. மூளையின் இரத்தக் குழாய் அடைத்தோ வெடித்தோ வரும் பக்கவாதம் அழற்சி நோயல்ல. வாதம் என்ற வால் நோயின் வகையைச் சொல்லவில்லை, சித்த மரபு அதற்குக் கண்ட காரணத்தைச் சொல்கிறது.

இரண்டாவது, உள்நாக்கு. டான்சிலைட்டிஸை ‘உள்நாக்கு வளர்ந்திருக்கு’ என்பது வழக்கம். உள்நாக்கு என்பது தொண்டை நடுவில் தொங்கும் சிறு சதை. டான்சில் என்பது அதற்கு இருபுறமும் உள்ள சதைமுளைகள். பெயர் இடம் மாறியதால், குழந்தைக்கு எதை எடுக்கப்போகிறார்கள் என்று அறுவைக்கு முன் பெற்றோர் குழம்புகிறார்கள்.

மூன்றாவது, மூளைக்காய்ச்சல். மெனிஞ்சைட்டிஸ் மூளையைச் சுற்றிய உறையின் அழற்சி. என்செஃபலைட்டிஸ் மூளைத் திசுவின் அழற்சி. இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர். முதலாவதில் பின்கழுத்து விறைப்பும் வெளிச்சம் பட்டால் கண்கூச்சமும் முந்தி நிற்கும். இரண்டாவதில் குழப்பமும் வலிப்பும் நினைவு தப்புவதும். ஜப்பானிய என்செஃபலைட்டிஸைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு தேங்கிய நெல்வயல் நீரில் முட்டையிடும். ஆகவே நடவு வயல் சூழ்ந்த ஊர்களில் இந்த வேறுபாடு ஏட்டளவு விஷயமல்ல.

மேலை மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முயன்றவர்கள் இந்தச் சிக்கல்களை முதலிலிருந்தே சந்தித்திருக்கிறார்கள். 1840களின் இறுதியில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அதற்கு முன்பே தன்வந்திரி மகாலில் பல மருத்துவ முறைகளின் வைத்தியர்களை ஒன்றாக உட்கார வைத்திருந்தார்.

இடம் தெரியும், காரணம் தெரியாது

ஐட்டிஸ் என்ற வாலைக் கேட்டவுடன் ‘இன்ஃபெக்ஷன்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. இந்த வால் இரண்டே செய்தி சொல்கிறது: எந்த உறுப்பு, அதில் என்ன நிலை. காரணத்தை அது சொல்வதில்லை. ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. ஏ, ஈ வைரஸ்கள் குடிநீர் வழி வரும், பி, சி இரத்தம் வழி வரும், மது தரும், அளவுக்கு மீறிய பாராசிட்டமால் தரும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்குவதாலும் வரும். ஆகவே சீட்டில் ஹெபடைட்டிஸ் என்று மட்டும் இருந்தால் அடுத்த கேள்வி ‘எதனால்?’ என்பதுதான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்வது தாயிடமிருந்து வரும் அந்த ஒரு காரணத்தை அடைக்க.

காமாலை என்ற சொல்லோ வேறு தளத்தைச் சேர்ந்தது. அது ஒரு குறி. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது. கல்லீரல் அழற்சியில் வரும், பித்தநாளக் கல்லடைப்பில் வரும், இரத்த அணுக்கள் சிதைந்தாலும் வரும். டெல்டாவில் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரில் நிற்பவர்களின் கால் வெடிப்பு வழியே உடலில் நுழையும். காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, பின் மஞ்சள் என்று வரிசையாக வந்தால் அது ஆன்டிபயாடிக்கால் குணமாகக்கூடிய நோய். தாமதித்தால் சிறுநீரகம் பழுதாகும். அதைக் ‘காமாலைதானே’ என்று வேர் கட்டிக்கொண்டு நான்கு நாள் காத்திருப்பதுதான் ஆபத்து.

ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொன்னது எதை?

தமிழ்நாட்டில் மிக அதிகம் தவறாகப் புழங்கும் ஐட்டிஸ் இதுதான். கழுத்து வலித்து, பட்டை மாட்டிக்கொண்டு நடக்கும் ஐம்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் இருப்பது ஸ்பாண்டிலோசிஸ். ‘ஓசிஸ்’ கிரேக்கத்தில் ஒரு நிலையை, ஒரு போக்கைக் குறிக்கும் வேறு விகுதி. இங்கே முதுகெலும்புக் கண்ணிகளின் தேய்வு. நாற்பதுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் வலியே இல்லாதவரிடமும் காணும். அசல் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது ஆங்கிலோசிங் வகை, பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். இடுப்பு வலி 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நிற்கும். பின்னிரவில் வலி எழுப்பும். ஓய்வில் கூடி, நடந்தால் குறையும். தேய்வு வலி நேர் எதிர்: உழைத்தால் கூடும், படுத்தால் குறையும். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால், ஓய்வே கூடாத இளைஞனுக்கு வீட்டார் ஓய்வு கொடுத்துக் கெடுத்துவிடுகிறார்கள். இடுப்புக் கூட்டு மூட்டுகளின் ஸ்கேனும் எச்எல்ஏ பி27 இரத்தச் சோதனையும் எதற்கு எழுதப்பட்டன என்பதும் இந்த வால் வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முழங்காலுக்கு வந்தால் ஆங்கிலமே பிசகியிருக்கிறது. வயதில் வரும் தேய்வை அது ‘ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்’ என்கிறது. பிரெஞ்சில் அதற்கு ‘ஆர்த்ரோஸ்’. ‘ஆர்த்ரீத்’ என்றால்தான் அழற்சி. காரைக்காலில் பிரான்சிலிருந்து வந்த உறவினரின் மருத்துவக் காகிதத்தைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம்மூர் ‘மூட்டுத் தேய்மானம்’ இந்த விஷயத்தில் ஆங்கிலத்தை விடத் தெளிவு. ஐட்டிஸ் பக்கம் போகாமல் ஓசிஸ் பக்கம் நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தசைநாண் வலியிலும் இதே திருத்தம் நடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சி அணுக்கள் அங்கே அதிகம் இல்லை, நார்களின் சிதைவே இருந்தது. ‘டெண்டினைட்டிஸ்’ பல இடங்களில் ‘டெண்டினோசிஸ்’ ஆயிற்று.

முடக்குவாதம் மெய்யான ஐட்டிஸ். இரு கைகளின் சிறு மூட்டுகளில் ஒருசேர வீக்கம், காலையில் நெடுநேரம் விறைப்பு. இதற்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கிவிட்டால் இரத்த அணு உற்பத்தி நின்று உயிருக்கே உலையாகும். எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதிவைக்க வேண்டிய மாத்திரை இது.

கேஸும் கேஸ்ட்ரிக்கும்

‘கேஸ்ட்ரிக் பிராப்ளம்’ என்றால் வாயுத் தொல்லை என்றே பொதுவான எண்ணம். ஒலி ஒற்றுமை செய்த வேலை. ‘கேஸ்டர்’ கிரேக்கத்தில் வயிறு. கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையின் உட்சுவர் அழற்சி. ‘கேஸ்’ என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்பவர் கிரேக்க ‘காவோஸ்’ என்பதிலிருந்து ஆக்கினார். இரண்டுக்கும் உறவே இல்லை. இந்த அழற்சியின் பெரிய காரணங்கள் வலி மாத்திரை, மது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1982இல் அதைக் கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்கை வெறும் வயிற்றில் விழுங்கி, வந்த எரிச்சலுக்குச் சோடா குடிப்பது சொற்குழப்பம் உடற்குழப்பமாகும் இடம். இன்னும் மோசமானது, மேல்வயிற்று எரிச்சலோடு வியர்வையும் இடது தோள் வலியும் வரும்போது ‘கேஸ்’ என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்து நேரத்தைக் கழிப்பது. அந்த வேளையில் வேண்டியது ஈசிஜி.

கல்மடி

வாலின் நான்கு குறிகளையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் மாட்டுக் கொட்டகைக்குப் போகலாம். மாஸ்டைட்டிஸ், ‘மாஸ்டோஸ்’ என்றால் முலை. ஊரில் மடிநோய், மடிவீக்கம், இறுகிப்போனால் கல்மடி. மடி சிவக்கும், வீங்கும், சுடும், தொட்டால் மாடு உதைக்கும். பாலில் திரி திரியாக வரும். முதல் சில பீச்சுகளைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரிகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நிலையில் இருப்பதைக் கண்டுபிடிக்க நான்கு குழிவுள்ள தட்டில் காம்புக்கொரு குழியாகப் பாலும் அதே அளவு சோதனைத் திரவமும் கலந்து சுழற்றுவார்கள். அழற்சி இருந்தால் கூழாகும். பாலில் இறங்கியிருக்கும் வெள்ளணுக்களைத் திரவம் உடைக்க, அவற்றின் மரபுப் பொருள் வெளிவந்து கெட்டிப்படுவதே காரணம். ஐட்டிஸ் என்ற வாலுக்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

கால்நடை மருத்துவத் துறை பரிந்துரைக்கும் மூலிகைப் பற்று இங்கே பரவலாகத் தெரிந்ததுதான், ஆனால் அளவு பிசகுகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். நீர் விடாமல் அரைத்தால் ஆரத்தி போலச் செந்நிறம் வரும். வராவிட்டால் சுண்ணாம்பு வீரியம் இழந்தது. மடியைக் கழுவி, பாலை முழுதும் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதில் 150 முதல் 200 மில்லி நீர் சேர்த்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 முறை, 5 நாள். ஒவ்வொரு முறையும் பழையதைக் கழுவிவிட்டுத்தான் புதியது; விழுது அன்றன்றைக்கு அரைத்ததாக இருக்க வேண்டும். காலையும் மாலையும் பூசிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுண்ணாம்பைக் கூட்டினால் காம்பு புண்ணாகும்.

மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலாக இருந்தாலோ, பால் நீர்த்து இரத்தம் கலந்து வந்தாலோ, காம்பு குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ பற்று போதாது. அன்றே கால்நடை மருத்துவர் வர வேண்டும். ஆன்டிபயாடிக் போட்டால் அவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. கன்றுக்கும் விடக் கூடாது. நோய்க்காம்பை ஆரோக்கியமான காம்புகளுக்குப் பிறகே கறக்க வேண்டும். நோய்க்காம்பின் பாலைத் தரையில் பீச்சினால் அடுத்த மாட்டுக்கும் கல்மடி காணலாம்.